கடன் கொடுத்தவரும் பதில் சொல்ல வேண்டும்

எண்ணெய், எரிவாயு எடுக்கும் திட்டங்களுக்கு 2019ஆம் ஆண்டுக்குப் பிறகு நிதி தருவதில்லை என்று உலக வங்கி 2017 டிசம்பரில் அறிவித்தது. மிக ஏழை நாடுகளுக்கான அரிய விதிவிலக்குகளைத் தவிர, அந்த அத்தியாயம் முடிந்துவிட்டது என்றே பலரும் நம்பினார்கள். 2025 ஜூனில் அதே வங்கியின் நிர்வாகக் குழுவில் அது மறுபடி விவாதத்துக்கு வந்தது. எரிவாயு எடுப்புக்கு மீண்டும் கடன் தரலாமா என்பதில் உறுப்பு நாடுகளிடையே உடன்பாடு ஏற்படவில்லை. கேள்வி கைவிடப்படவும் இல்லை. விளக்கெரியாத வீடுகளுக்கு மின்சாரம் வேண்டும், அதற்கு எரிவாயு வேண்டும், எரிவாயுவுக்குக் குழாய் வேண்டும், குழாய்க்குக் கடன் வேண்டும் என்பது ஆதரிப்போரின் வாதம். இந்த வாதத்தை நாம் ஊகத்தால் எடைபோட வேண்டியதில்லை. பன்னாட்டு வங்கியின் பணத்தோடும் நற்சான்றோடும் கட்டப்பட்டு, 20 ஆண்டுகளுக்கும் மேலாக இயங்கிவரும் ஒரு குழாய்ப்பாதையின் வரலாறு பெரு நாட்டில் நம் கண்முன் இருக்கிறது. அதன் பெயர் காமிசேயா.

ஆண்டிஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவு இறங்கி அமேசான் காட்டில் கலக்கும் இடத்தில், குஸ்கோ மாநிலத்தில், கீழ் உருபம்பா ஆற்றுப் பள்ளத்தாக்கு இருக்கிறது. காமிசேயா அந்த ஆற்றின் துணையாறு. 1980களில் ஷெல் நிறுவனம் அங்கே பெரும் எரிவாயு வளத்தைக் கண்டறிந்தது. ஆனால் எடுக்கும் உரிமம் 2000ஆம் ஆண்டில் அர்ஜென்டினாவின் புளுஸ்பெட்ரோல், அமெரிக்காவின் ஹன்ட் ஆயில் உள்ளிட்ட கூட்டமைப்புக்குப் போனது. குழாய் பதித்து எரிவாயுவைக் கொண்டுசெல்லும் பொறுப்பு டிஜிபி என்ற தனி நிறுவனத்திடம் விடப்பட்டது. ஆற்றங்கரையில் மல்வினாஸ் என்ற இடத்திலிருந்து இரண்டு குழாய்கள் புறப்பட்டன. ஒன்று, சுமார் 730 கிலோமீட்டர் கடந்து தலைநகர் லிமாவின் விளிம்புக்கு எரிவாயுவைக் கொண்டுசெல்வது. மற்றொன்று, எரிவாயுவோடு சேர்ந்து வரும் திரவ எரிபொருளை சுமார் 560 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிஸ்கோ கடற்கரைக்குக் கொண்டுசெல்வது. இரண்டும் மழைக்காட்டையும், 4,800 மீட்டருக்கு மேல் உயரும் மலைமுகடுகளையும், கடலோரப் பாலையையும் கடக்கின்றன. 2004 ஆகஸ்டில் எரிவாயு லிமாவை அடைந்தது.

இத்திட்டத்தால் பெரு பெற்ற பயனை மறுப்பது நேர்மையாகாது. நாட்டின் மின் உற்பத்தியில் கணிசமான பங்கு இன்று இந்த எரிவாயுவிலிருந்தே வருகிறது. லிமாவில் லட்சக்கணக்கான வீடுகளின் அடுப்பு இதில் எரிகிறது. ஆலைகளும் வாகனங்களும் மலிவான எரிபொருள் பெற்றன. அரசுக் கருவூலத்துக்கு உரிமைத்தொகை வந்தது. காட்டுக்குள் கிணறுகள் தோண்டியபோது நிலையான சாலைகள் போடாமல் ஹெலிகாப்டரையும் படகையும் மட்டும் பயன்படுத்தும் முறை கடைப்பிடிக்கப்பட்டது. சாலை போனால் மரவெட்டியும் குடியேற்றமும் பின்னாலேயே போகும் என்பது அமேசான் கண்ட அனுபவம். ஆகவே அந்தக் கட்டுப்பாடு பாராட்டத்தக்கது. இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகே நாம் தீர்ப்புக்கு வருகிறோம். பயன் யாருக்குப் போனது, அதன் விலையை யார் கொடுத்தார்கள், கொடுக்கச் சம்மதமா என்று அவர்களை எவரேனும் கேட்டார்களா என்பவையே தீர்ப்பை முடிவுசெய்யும் கேள்விகள்.

அந்தப் பள்ளத்தாக்கு ஆளில்லாத காடன்று. மச்சிகெங்கா மக்கள் தலைமுறை தலைமுறையாக ஆற்றோரம் மரவள்ளி பயிரிட்டு, மீன் பிடித்து, வேட்டையாடி வாழ்ந்துவரும் நிலம் அது. உள்காட்டில் நாவா, நாந்தி போன்ற சிறு இனத்தார் வெளியுலகத் தொடர்பை முழுமையாகவோ பெருமளவோ தவிர்த்து வாழ்ந்தார்கள். அந்தத் தவிர்ப்பு அறியாமையால் வந்ததன்று. ரப்பர் வணிகர்களின் காலத்தில் அடிமைகளாகப் பிடித்துச் செல்லப்பட்ட அமேசான் மக்கள் தப்பிப் பிழைக்கக் கண்ட வழி அது. 1980களில் எண்ணெய் ஆய்வு அந்தக் காட்டைத் திறந்துவிட்டது, மரவெட்டிகள் நுழைந்தார்கள். 1984இல் நாவா மக்களுக்கு வெளியாரோடு நேரடித் தொடர்பு ஏற்பட்டது. சளிக்காய்ச்சலும் மூச்சுநோய்களும் பரவின. அவர்கள் உடல் அந்நோய்களை அதற்குமுன் கண்டதில்லை. சில ஆண்டுகளுக்குள் அந்த இனத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் மாண்டனர்.

இந்தச் சாவுகளை அரசு அறியாமல் இல்லை. அறிந்ததால்தான் 1990இல் நாவா உள்ளிட்ட அந்த மக்களுக்கென்று அந்தக் காட்டில் ஒரு காப்பு நிலம் ஒதுக்கப்பட்டது. 1994இல் பழங்குடி மக்களைக் கலந்தாலோசித்த பிறகே அவர்கள் நிலத்தில் வளம் எடுக்க வேண்டும் என்று கூறும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 169ஆம் உடன்படிக்கையையும் பெரு ஏற்றது. இந்த இரண்டு வாக்குறுதிகளும் நடப்பில் இருந்தபோதுதான், 2000ஆம் ஆண்டில் 88ஆம் எண் எரிவாயுத் தொகுதிக்கு உரிமம் வழங்கப்பட்டது. அந்தத் தொகுதியின் நான்கில் மூன்று பங்கு காப்பு நிலத்துக்குள் விழுந்தது. உடன்படிக்கை கோரிய கலந்தாலோசனைக்கு உள்நாட்டுச் சட்டம் வந்தது 2011இல். அதற்குள் குழாய் 7 ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தது. வெளியாரின் தும்மல் ஒன்றே ஒரு குடும்பத்தை அழிக்கக்கூடிய மக்களிடம் சம்மதம் கேட்கப் போவதே ஆபத்து. அப்படியானால், கேட்க முடியாதவர்களின் நிலத்தில் நுழைய உரிமையும் இல்லை என்பதே அறம். கேட்க முடியவில்லை என்பதையே நுழைவுச் சீட்டாக்கிக்கொண்டது அரசு செய்த முதல் குற்றம்.

இனி, வங்கிகளுக்கு வருவோம். 2003 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்க அரசின் ஏற்றுமதி–இறக்குமதி வங்கி, காமிசேயாவுக்காகக் கேட்கப்பட்ட 21 கோடி டாலருக்கும் அதிகமான நிதியாதரவை மறுத்தது. திட்டம் தன் சுற்றுச்சூழல் நெறிகளுக்கு ஒத்துவரவில்லை என்பது அவ்வங்கி சொன்ன காரணம். திரவ எரிபொருளைப் பிரிக்கும் ஆலையை வைக்கத் தேர்ந்த இடம் அதன் கவலைகளுள் முதன்மையானது. 1975இல் அறிவிக்கப்பட்ட பராகாஸ் தேசியக் காப்பகத்தையொட்டிய பிஸ்கோ கடற்கரை அது. பெங்குவினும் கடற்சிங்கமும் வலசைப் பறவைகளும் வாழும் அந்த விரிகுடா, ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற ஈரநிலம். அதனருகே எரிபொருள் ஆலையும் கப்பல் ஏற்றுமுனையும் வருவது எவ்வளவு பெரிய இடர் என்பதை உணர நிபுணராக இருக்க வேண்டியதில்லை.

இரண்டு வாரங்கள் கூட ஆகவில்லை. 2003 செப்டம்பர் 10 அன்று அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கி அதே காமிசேயாவின் குழாய்ப்பாதைக்கு 13.5 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. அதில் 7.5 கோடி வங்கியின் சொந்தப் பணம். 6 கோடி அதன் பெயரை நம்பி வந்த தனியார் வங்கிகளின் பணம். அவ்வங்கியின் மிகப் பெரிய பங்குதாரரான அமெரிக்கா வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றது. சுமார் 160 கோடி டாலர் திட்டத்தில் 13.5 கோடி பெரிய தொகையன்று. ஆனால் வளர்ச்சி வங்கி தருவது பணம் மட்டுமன்று. அது கையொப்பமிட்ட இடத்தில் மற்றவர்கள் தயக்கமின்றிக் கையொப்பமிடுகிறார்கள். அந்தப் பெயர்மதிப்பே காமிசேயாவுக்கு வழங்கப்பட்ட உண்மையான கடன். அதற்கான பொறுப்பும் அந்தப் பெயருக்கே உரியது.

வங்கி தன் தரப்பில் ஒரு நியாயம் சொன்னது. நாங்கள் வந்ததால்தான் கடுமையான சுற்றுச்சூழல் நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. நாங்கள் விலகியிருந்தால் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் திட்டம் நடந்திருக்கும் என்பது அந்த நியாயம். கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றும் இந்த வாதம் நாட்காட்டியின் முன் நிற்கவில்லை. கடன் ஒப்புதல் ஆனபோது கட்டுமானத்தில் பாதிக்கும் மேல் முடிந்துவிட்டது. வழித்தடம் முடிவாகி, மரங்கள் வெட்டப்பட்டு, சரிவுகள் அறுக்கப்பட்டிருந்தன. வேறு வழியில் குழாயைக் கொண்டுபோகலாமா, காப்பு நிலத்தை விட்டுவிடலாமா, ஆலையை வேறு கரைக்கு மாற்றலாமா என்று கேட்கும் காலம் கடந்துவிட்டது. சுவர் எழுப்பிக் கூரையும் போட்ட பிறகு மண்ணைச் சோதிக்க வரும் பொறியாளரால் வீட்டுக்கு என்ன நன்மை? முன்னரே விதித்தால் நிபந்தனை காப்பாகும். பின்னர் விதித்தால் அது வங்கியின் கோப்புக்கு மட்டுமே காப்பு.

இன்னொரு உத்தியும் கையாளப்பட்டது. எரிவாயுக் கிணறு ஒரு திட்டம், குழாய் இன்னொரு திட்டம், பிரிப்பு ஆலை மூன்றாவது திட்டம் என்று காகிதத்தில் துண்டு போடப்பட்டது. வங்கி கடன் தந்தது குழாய்க்கு மட்டுமே. ஆகவே காப்பு நிலத்துக்குள் தோண்டப்படும் கிணறும், பராகாஸ் கரையிலுள்ள ஆலையும் நேரடியாகத் தன் கணக்கில் வராதவை என்ற நிலை உருவானது. கிணறில்லாமல் குழாயில் ஓட ஒன்றுமில்லை. ஆலையில்லாமல் குழாய் சென்றடைய இடமில்லை. மூன்றும் ஒரே உடல். அதில் தனக்கு வசதியான உறுப்புக்கு மட்டும் மருத்துவச் சான்று தந்து, மற்றவற்றைப் பாராமல் விடுவதைப் பொறுப்புணர்வு என்று நாம் ஏற்க முடியாது. பெரு அரசின் கண்காணிப்புத் திறனை வளர்க்க வங்கி தனியாக 50 லட்சம் டாலர் கடன் அளித்தது. 160 கோடி டாலர் திட்டத்தைக் கண்காணிக்க 50 லட்சம். எது முதன்மை, எது ஒப்புக்கு என்பதை இந்த இரு எண்களே சொல்லிவிடுகின்றன.

விளைவு தெரிய அதிக நாள் ஆகவில்லை. 2004 டிசம்பர் 22 அன்று திரவ எரிபொருள் குழாய் முதன்முறை உடைந்தது. 2005 ஆகஸ்டில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று, நவம்பரில் ஒன்று, 2006 மார்ச் 4 அன்று இன்னொன்று. இயங்கத் தொடங்கிய முதல் 19 மாதங்களில் 5 முறை. நவம்பர் உடைப்பில் மட்டும் ஆயிரக்கணக்கான பீப்பாய் எரிபொருள் காட்டோடைகளில் கலந்தது. மார்ச் உடைப்பில் கசிந்தது தீப்பற்றி வெடித்தது, மக்கள் தீக்காயமடைந்தனர். 2007 ஏப்ரலில் மீண்டும் ஓர் உடைப்பு. பல பத்தாண்டுகள் உழைக்க வேண்டிய புத்தம்புதிய குழாய் இது.

அந்த உடைப்புகள் எப்படி நேர்ந்தன என்பதை அருகிலிருந்து பார்க்க வேண்டும். குழாய் பதிக்கச் சுமார் 25 மீட்டர் அகலத்துக்கு மலைச்சரிவில் காடு வெட்டப்படுகிறது. வேர்கள் பற்றியிருந்த மண் பிடியிழக்கிறது. அமேசான் சரிவில் மழை மாதக்கணக்கில் கொட்டும். வெட்டிய தடத்தின் வழியே நீர் ஓடி ஓடி, முதலில் சிறு கால்வாயும் பிறகு பெரும் பள்ளமும் உண்டாகின்றன. குழாய்க்கு அடியிலிருந்த மண் கரைந்து போக, சரிவே மெல்ல நகர்கிறது. அந்தப் பாரம் முழுதும் எஃகின் மேல் விழுகிறது. ஒரு பற்றவைப்பு விலகினால் போதும். வெளியே வரும் திரவம் கச்சா எண்ணெய்போல் கறுத்து மிதக்காது. மணமும் எரிச்சலும் இருக்கும், கண்ணுக்கு எளிதில் தெரியாது, நீரோடு விரைந்து பரவும். அதே ஓடையில்தான் கீழேயிருக்கும் மச்சிகெங்கா ஊரில் குடிநீர் முகக்கிறார்கள், குழந்தைகள் குளிக்கிறார்கள். மீன் செத்து மிதக்கும்போதுதான் மேலே குழாய் உடைந்த சேதி அவர்களுக்கு எட்டுகிறது.

உடைப்புகளுக்கான காரணம் பற்றிக் கருத்து மோதல் எழுந்தது. 2006இல் ஈ-டெக் இன்டர்நேஷனல் என்ற தொழில்நுட்ப ஆய்வு அமைப்பு, தகுதியற்ற பற்றவைப்பு, வேறு திட்டங்களில் மிஞ்சிய குழாய்கள், தாமத அபராதத்துக்கு அஞ்சிய அவசரம் ஆகியவற்றைக் குற்றம் சாட்டியது. டிஜிபி அதை மறுத்தது. வங்கிக்காக 2007இல் அறிக்கை தந்த பொறியியல் நிறுவனம், நிலநகர்வையும் சரிவுகளின் நிலையின்மையையும் முதன்மைக் காரணங்களாகச் சுட்டியது. முன்னது உண்மையானால் குழாயை ஒழுங்காகக் கட்டவில்லை. பின்னது உண்மையானால் குழாய் போகும் மண்ணை ஒழுங்காக ஆராயவில்லை. எதை ஏற்றாலும், கடன் தருமுன் பார்த்திருக்க வேண்டிய ஒன்றை வங்கி பார்க்கவில்லை என்ற முடிவுக்கே வந்து சேர்கிறோம். சரிந்து விழும் மலையில் குழாய் பதித்தவர்கள், மலை சரிந்தது என்று சொல்லித் தப்ப முடியாது.

ஒழுங்காற்று அமைப்பு அபராதம் விதித்தது. ஆனால் அபராதம் அரசுக் கருவூலத்துக்குப் போகிறது, ஆற்றுக்குத் திரும்புவதில்லை. மச்சிகெங்கா குடும்பத்தில் மீன் என்பது வாரமொரு முறை வாங்கும் பொருளன்று. மரவள்ளிக் கிழங்கோடு சேரும் அன்றாட உணவு, குழந்தைகளுக்குக் கிடைக்கும் புரதம். சரக்குப் படகுகளின் இரைச்சலும் அலையும், கலங்கிய நீரும், கசிவும் சேர்ந்து மீன்வரத்தைக் குறைத்தால், அந்த இழப்பு எந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையிலும் ஏறுவதில்லை. எரிவாயுவுக்குக் கன அடிக் கணக்கில் விலை இருக்கிறது. பழுதாகும் ஓடைக்கு விலை நிர்ணயிக்கும் மேசையில் அந்த ஓடையைக் குடிப்பவருக்கு இடம் இல்லை.

இத்தனைக்கும் பிறகு வங்கிகள் தயங்கின என்று நினைத்தால் தவறு. 2008இல், காமிசேயாப் பகுதியின் எரிவாயுவைக் குளிர்வித்துத் திரவமாக்கி ஏற்றுமதி செய்யும் பெரு எல்என்ஜி திட்டத்துக்கு அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கி 40 கோடி டாலரும், உலக வங்கிக் குழுமத்தின் சர்வதேச நிதிக் கழகம் 30 கோடி டாலரும் கடன் தந்தன. 2003இல் நெறி பேசி மறுத்த அமெரிக்க ஏற்றுமதி–இறக்குமதி வங்கியும் இம்முறை கடன் கொடுத்தோர் வரிசையில் நின்றது. அயகுச்சோ மலைப்பகுதியிலிருந்து பம்பா மெல்சோரிட்டா கடற்கரைக்கு 408 கிலோமீட்டர் புதிய குழாய் பதிக்கப்பட்டு, 2010இல் ஏற்றுமதி தொடங்கியது. உள்நாட்டின் இருண்ட வீடுகளுக்காக என்று தொடங்கிய கதை, வெளிநாட்டுக் கப்பலில் போய் முடிந்தது. வறுமை ஒழிப்பின் பெயரால் திரட்டிய பொதுப்பணம் ஏற்றுமதி வணிகத்துக்குத் துணைபோனதை நியாயப்படுத்தும் கடமை அந்த வங்கிகளுக்கு இன்றும் இருக்கிறது.

குஸ்கோ மக்களின் நிலை என்ன? சட்டப்படி எரிவாயு உரிமைத்தொகையில் பாதி அம்மாநிலத்துக்கு வருகிறது. எரிவாயு வயல்களைத் தன்னகத்தே கொண்டிருந்த எச்சராத்தே, நாட்டிலேயே மிக அதிக வருவாய் பெற்ற மாவட்டங்களில் ஒன்றானது. ஆனால் பணம் வந்த வேகத்தில் மருத்துவமும் குடிநீரும் ஆற்றோர ஊர்களுக்கு வந்து சேரவில்லை. எரிவாயுவும் வரவில்லை. தென் மாநிலங்களுக்கு எரிவாயு தரவென்று 2014இல் ஒப்பந்தமான தெற்குக் குழாய்த்திட்டம், அதை ஏற்றிருந்த ஓடெப்ரெக்ட் நிறுவனத்தின் ஊழல் வெளியானதையொட்டி நிதி திரட்ட முடியாமல் 2017 ஜனவரியில் ரத்தானது. தன் மண்ணிலிருந்து எடுத்த எரிவாயு தலைநகருக்கும் கடல்கடந்தும் போக, குஸ்கோக்காரர் உருளையில் அடைத்த வாயுவைக் காசு கொடுத்து வாங்குகிறார்.

காப்பு நிலத்தின் கதையும் முடியவில்லை. அதனுள் மேலும் கிணறுகள் தோண்ட நிறுவனம் விண்ணப்பித்தபோது, 2013 மார்ச்சில் ஐக்கிய நாடுகளின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு அந்த விரிவாக்கத்தை நிறுத்திவைக்கும்படி பெருவைக் கேட்டுக்கொண்டது. அதே ஆண்டு ஜூலையில், பழங்குடியினரைக் காக்க வேண்டிய துறையின் வல்லுநர்களே தொடர்பற்ற மக்களுக்கு வரக்கூடிய பேராபத்துகளைப் பட்டியலிட்டு அறிக்கை தந்தார்கள். அந்த அறிக்கை சில நாட்களில் திரும்பப் பெறப்பட்டது. துறையின் துணையமைச்சர் பதவி விலகினார். 2014 ஜனவரியில் விரிவாக்கத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. உண்மை சொன்ன அறிக்கையைத் திரும்பப் பெற்று வாங்கிய ஒப்புதலுக்குச் சட்டத் தகுதி இருக்கலாம், அறத்தகுதி இல்லை.

முதற்பொறுப்பு பெரு அரசுக்கும் நிறுவனங்களுக்கும் உரியது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஓர் இறையாண்மை நாடு தன் வளத்தைப் பயன்படுத்த எடுக்கும் முடிவில் வெளிநாட்டு வங்கி தலையிடலாமா என்று கேட்போரும் உண்டு. தலையிட வேண்டாம், கடன் தராமல் இருக்கலாமே. வளர்ச்சி வங்கி தனியார் வட்டிக்கடை அன்று. அதன் மூலதனம் உறுப்பு நாடுகளின் குடிமக்கள் செலுத்திய வரி. ஒரு நாட்டின் இறையாண்மையை மதிப்பது என்பதற்கு, அந்நாட்டின் மிக எளிய மக்களைப் பாதிக்கும் திட்டத்துக்குப் பிற நாட்டு மக்களின் பணத்தைத் தருவது என்று பொருளாகாது.

இதில் நமக்கும் பங்கு உண்டு. சர்வதேச நிதிக் கழகத்தில் இந்தியாவும் இலங்கையும் உறுப்பு நாடுகள். அதன் மூலதனத்தில் நம் பணமும் இருக்கிறது. அக்கழகத்தின் கடனால் நேர்ந்த கேட்டை இந்திய மீனவர்களும் அனுபவித்திருக்கிறார்கள். குஜராத்தின் முந்த்ராவில் அமைந்த அனல்மின் நிலையத்துக்கு அது 45 கோடி டாலர் கடன் தந்தது. கடலும் மீன்பிடிப்பும் கெட்டதாகக் கரையோர மக்கள் முறையிட்டார்கள். கழகத்தின் சொந்தக் குறைதீர் அமைப்பே குறைபாடுகளைக் கண்டறிந்தது. நிவாரணம் மட்டும் வரவில்லை. மீனவர்கள் அமெரிக்க நீதிமன்றம் சென்றார்கள். சர்வதேச அமைப்புகளுக்கு முழுமையான சட்டக் காப்பு இல்லை என்று 2019 பிப்ரவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் வழக்கின் அடிப்படையான செயல்கள் அமெரிக்க மண்ணில் நடக்கவில்லை என்று கூறிக் கீழ்நீதிமன்றங்கள் அதைத் தள்ளுபடி செய்தன. 2022இல் மேல்முறையீடும் ஏற்கப்படவில்லை. கடன் கையொப்பமாகும் நகரில் வழக்குத் தொடுக்க முடியாது. கேடு நடக்கும் ஊரில் கடன் கொடுத்தவரை நிறுத்த முடியாது. உருபம்பாவின் மச்சிகெங்காவும் முந்த்ராவின் மீனவரும் முட்டி நிற்பது ஒரே சுவரில்தான்.

இந்தச் சுவர் இடிபட வேண்டும். செய்ய வேண்டியவை என்ன என்பதில் மயக்கத்துக்கு இடமில்லை. வழித்தடம் முடிவாகுமுன், முதல் மரம் வெட்டப்படுமுன் வங்கியின் ஆய்வு முடிந்திருக்க வேண்டும். கட்டுமானம் தொடங்கிவிட்ட திட்டத்துக்குப் பிறகு வந்து முத்திரை குத்தும் வழக்கம் நிற்க வேண்டும். கிணறு, குழாய், ஆலை, துறைமுகம் எல்லாவற்றையும் ஒரே திட்டமாகக் கருதியே இடர் மதிப்பிடப்பட வேண்டும். பாதிக்கப்படும் மக்களின் சம்மதம் அவர்கள் மொழியில், அச்சுறுத்தலின்றி, முன்கூட்டியே பெறப்பட வேண்டும்; தொடர்பற்று வாழும் மக்களின் நிலம் எந்தக் கடனுக்கும் எட்டாததாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கடனிலும் ஒரு பங்கு நிவாரண நிதியாக முதலிலேயே ஒதுக்கப்பட்டு, அதைப் பெறும் வழி பாதிக்கப்பட்டவர் கைக்கு எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். குறைதீர் அமைப்பின் முடிவு வங்கியைக் கட்டுப்படுத்த வேண்டும். தன் தவறால் கேடு நேர்ந்தால் உள்நாட்டு நீதிமன்றத்தில் பதில் சொல்ல வங்கி கடன் ஒப்பந்தத்திலேயே உடன்பட வேண்டும்.

எரிவாயு நிலக்கரியைவிடக் குறைவாகப் புகைக்கும், ஆகவே அது தூய எரிபொருளுக்குப் போகும் இடைவழி என்று இன்னும் சொல்லப்படுகிறது. எரியும்போது குறைவாகப் புகைப்பது உண்மை. ஆனால் கிணற்றிலிருந்தும் குழாயிலிருந்தும் எரியாமல் கசியும் மீத்தேன், கரியமில வாயுவைவிடப் பல மடங்கு அதிகமாக வெப்பத்தைப் பிடித்துவைக்கும். கசிவைக் கணக்கில் சேர்த்தால் அந்த ஆதாயத்தில் பெரும்பகுதி கரைந்துவிடலாம். மேலும், 30, 40 ஆண்டுகளுக்கென்று பதிக்கும் குழாய் இடைவழியாக இருக்க முடியாது. போட்ட முதலை எடுக்கும்வரை அது நாட்டையும் எரிபொருளையும் சேர்த்துக் கட்டிவைக்கும். சூரிய மின்சாரம் மலிவாகிவிட்ட காலத்தில் பொதுப்பணம் எங்கே போக வேண்டும் என்பதற்கு இதுவே போதுமான விடை.

நம் தீர்ப்பு இது. காமிசேயாவில் பெரு அரசு தான் காக்க வேண்டிய மக்களைக் கைவிட்டது. நிறுவனங்கள் மலையின் இயல்பைவிட ஒப்பந்த நாளை மதித்தன. வளர்ச்சி வங்கி இவ்விரண்டும் தெரிந்த நிலையில் தன் நற்பெயரைக் கடனாகக் கொடுத்தது; குழாய் உடைந்த பிறகும் கொடுத்துக்கொண்டே இருந்தது. தெரியாமல் செய்ததற்குத் திருத்தம் போதும். தெரிந்து செய்ததற்குப் பொறுப்பேற்பும் இழப்பீடும் வேண்டும். அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கியும் சர்வதேச நிதிக் கழகமும் உருபம்பா மக்களுக்கு அவற்றைக் கடன்பட்டிருக்கின்றன. அந்தக் கடன் தீராதவரை, புதிய எரிவாயுத் திட்டங்களுக்குப் பொதுப்பணத்தைத் திறந்துவிடும் முன்மொழிவை எந்த உறுப்பு நாடும் ஆதரிக்கக் கூடாது. உலக வங்கியின் நிர்வாகக் குழுவில் அமர்ந்திருக்கும் இந்தியப் பிரதிநிதி அங்கே எப்படி வாக்களிக்கிறார் என்பதை நாடாளுமன்றத்தில் அரசு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்; சொல்லும்படி கேட்பது நம் கடமை.